ஏழு, எட்டு, எம்பத்தொம்பது

தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிடாதிய. போனத் தெறக்கும்போது இன்னொரு கையால மறைச்சிக்கிடணும். நான் வேணும்னு பாக்கல. பக்கத்துச் சீட்டுல இருந்தா கண்ணு தன்னால போவும்லா? ரெண்டு, அஞ்சு, எட்டு, சைபர். மேல இருந்து கீழ வரைக்கும் நேர்கோடு. சரியா? என்ன இப்பிடி முழிக்கிய! எங்கிட்ட இருந்து வெளிய போவாது. முன்சீட்டு அக்கா திரும்பினது கண்டக்டரப் பாக்க. நீங்க நம்பர மாத்திருங்க. தூத்துக்குடி போறதுக்குள்ள மாத்திட்டா நல்லது.

இதுல எனக்குப் பயிற்சி உண்டு, அதான் சொல்லுதேன். என் பேரு ஜெபமணி. செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துல ஒரு உதவி பெறும் தொடக்கப்பள்ளி, அதுக்கு எச்.எம். ஊருல கேட்டா 'சத்தக்கார சார்'ம்பாவ. கர்த்தர் எனக்குக் காதுல கொஞ்சம் கொறச்சிட்டு, அதத் தொண்டையில கூட்டி வச்சிட்டாரு. அந்த ஒயரக் காதுல இருந்து எடுங்க தம்பி. நான் மெதுவாத்தான் பேசுவேன், அப்புறம் கேக்கலம்பிய.

இந்த வருசம் பள்ளிக்கூடம் தெறந்ததும் எச்.எம்.மாரக் கூப்பிட்டு ஒரு பயிற்சி வச்சாவ. தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு. அதுவரைக்கும் எங்க லெச்சணம் என்ன தெரியுமா? டீச்சர்மாரோட ஆதார் நம்பர், பிறந்த தேதி எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி என் மேசக் கண்ணாடிக்கு அடியில சொருவி வச்சிருப்பேன். சத்துணவுக்குக் கறிவேப்பில கொண்டு வாரவ கூட நின்னு படிச்சிட்டுப் போவா. அவசரம்னா வாட்ஸப் குரூப்புல படம் புடிச்சிப் போட்ருவோம். பயிற்சி குடுத்த மேடம் சின்னப் பிள்ளதான், ஆனா நறுக்குனு கேட்டுச்சு: "சார், ஒங்க வீட்டுச் சாவிய வாசல்ல ஆணியடிச்சி மாட்டி வைப்பீங்களா?" எனக்குச் சுரீர்னு பட்டுது. ஏன்னா எங்க வீட்டுச் சாவி வாசல்ல ஆணியிலதான் தொங்குது.

வந்த வேகத்துல அந்தப் பேப்பரக் கிழிச்சேன். குரூப்ப அழிச்சேன். ஜெராக்ஸ் கிடையாது, போட்டோ கிடையாது. எந்த நம்பரும் இனிமே பேப்பர்ல இருக்கப்படாது, யாரு கார்டும் கை மாறப்படாது, எல்லாம் வாய்மொழிதான், அதுவும் என் மூலமாத்தான்னு உத்தரவு போட்டேன். கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்ட் வச்சேன். மறுநாள் பிரேயர்ல பிள்ளைய, டீச்சர்மாரு, சத்துணவு அக்கா எல்லாரையும் நிக்க வச்சி, "பாஸ்வேர்ட் என்னன்னு யாரும் யாரையும் தொந்தரவு பண்ணப்படாது. அது நம்ம கோயில் கட்டுன வருசம், அவ்வளவுதான், அதத் தெரிஞ்சி ஒங்களுக்கு என்ன ஆவப்போவுது?"ன்னு கண்டிச்சிச் சொன்னேன். அந்த வருசம் கோயில் நெத்தியில கல்லுல வெட்டியிருக்கு. சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன், ஆனா எனக்கு அது வெளங்குததுக்கு ஒரு வாரம் ஆச்சு.

எங்க பள்ளிக்கூடம் ஒரே ஹாலு பாத்துக்கிடுங்க. ஒரு கோடியில என் மேச. மறு கோடியில கம்ப்யூட்டர், ஏன்னா கரண்டு பாயிண்ட் அங்கதான் இருக்கு. நடுவுல ஒண்ணாங்கிளாஸ். கம்ப்யூட்டர்ல அடிக்கது கெத்சியாள் டீச்சர். எனக்கு அந்தப் பலகையில எழுத்தத் தேடிக் கண்டுபிடிக்கதுக்குள்ள ரிட்டயர்டு ஆயிருவேன். ஒண்ணாங்கிளாஸ் எடுக்கது எமிமாள் டீச்சர். எமிமாள் விசயமாத்தான் இப்ப இந்த பஸ்ஸுல வாரேன்.

அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்ல. தங்கச்சிமாரு ரெண்டு பேரையும் கட்டிக் குடுத்துட்டு, அம்மாவ வச்சிக்கிட்டு இருக்கு. யாராவது கல்யாணப் பேச்ச எடுத்தா, "சார், பிள்ளைய சத்தம் போடுது"ன்னு எந்திச்சிப் போயிரும். ஒரு பிள்ளையும் சத்தம் போட்டிருக்காது. இப்பிடியே வருசம் போயிட்டு. நானும் விட்டுட்டேன்.

போன அசனத்துக்கு, எங்க கோயில் விருந்துக்கு, தூத்துக்குடியில இருந்து ஒரு பையன் வந்தான். பேரு லிவிங்ஸ்டன். உப்பளத்துல லாரி எட போடுத எடமேடையில வேல. பந்தியில கொழம்பு வாளி தூக்கிட்டு வந்தான். எல்லா எலைக்கும் ஒரு தடவ போனான், எமிமாள் எலைக்கு மட்டும் ரெண்டு தடவ. அந்தப் பிள்ளையும் போதும்னு சொல்லல. எனக்குக் காதுதான் மந்தம் தம்பி, கண்ணு இல்ல.

"நான் பேசட்டுமாம்மா?"ன்னு கேட்டேன். சாக்பீஸ உருட்டிக்கிட்டே நின்னுச்சு. அப்புறம், "சரி சார்"னுச்சு. எனக்குப் பொம்பளப் பிள்ள கிடையாது. அந்த 'சரி சார்'ங்கதக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிட்டு. நான் பேசப் போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிச்சு: "சார், வயச மட்டும் சரியாச் சொல்லிருங்க. முப்பத்தாறுன்னே சொல்லுங்க. அப்புறம் தெரிஞ்சா அசிங்கம்."

எனக்கு அப்ப இன்னும் பயிற்சி சூடு ஆறல. "அதெப்பிடிம்மா? பிறந்த தேதி தனிப்பட்ட தகவல். கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுக்கப்படாது. அதப் பாதுகாக்கது என் பொறுப்பு"ன்னேன்.

"அவுக கேட்டவங்க இல்லயே சார், கட்டிக்கிடப் போறவங்க"ன்னுச்சு.

பாதுகாப்புல சலுக காட்டுனா அது பாதுகாப்பா? நான் விட்டுக் குடுக்கல. லிவிங்ஸ்டன் அம்மா சொர்ணபாய், கண்டிப்பான பொம்பள. அவுக வீட்டுல போயி நின்னதும் எடுத்த எடுப்புல, "பொண்ணுக்கு வயசு என்ன அண்ணாச்சி?"ன்னாவ. "பாத்தா முப்பதுன்னு சொல்லலாம்"னேன். பொய்யா அது? பாத்தா! நான் 'பாத்தா'ன்னு சொல்லித்தானே ஆரம்பிச்சேன்? அவுக முப்பத மட்டும் புடிச்சிக்கிட்டாவ. முப்பத்தெட்டு வயசுப் பையனுக்கு முப்பது வயசுப் பொண்ணுன்னு அவுகளுக்கு முகமெல்லாம் மலந்துட்டு. மலந்த முகத்துல போயி ஆறு வருசத்தத் தூக்கி வைக்கவா முடியும்? நீங்களே சொல்லுங்க.

நீங்க எங்கயும் எறங்கலல்லா? சரி, சரி. தூத்துக்குடின்னுதான் டிக்கெட் வாங்குனிய, நான் கேட்டேன்.

அடுத்த வாரம் டீச்சர்மாரு விவரத்த ஆன்லைன்ல ஏத்தச் சொல்லி உத்தரவு வந்துது. எமிமாளுக்கு அன்னைக்கு வெளிய பயிற்சி. ஆதார் கார்ட என் கையில குடுத்து, "பத்திரம் சார்"னுட்டுப் போச்சு. ஒண்ணாங்கிளாஸ நான் பாத்துக்கிட்டேன். கரும்பலகையில எழுத்துப் போட்டு, "நான் சொல்லுதத எல்லாரும் திருப்பிச் சொல்லணும்"னு சொல்லிட்டு, பாடம் ஓடிக்கிட்டிருக்கு. என் சத்தத்துக்கு அந்தப் பிள்ளைய ஒத்து ஊதுததக் கேக்கணுமே, தேரி மணலு அதிரும்.

நடுவுல கெத்சியாள் டீச்சர் மறு கோடியில இருந்து, "சார், சைட்டு தெறந்துட்டு! சட்டுனு வாசிங்க!"ன்னாவ. கார்ட அவுக கையில குடுத்தா முடிஞ்சிரும். ஆனா கை மாறப்படாதுன்னு உத்தரவு போட்டது யாரு? நான். அதனால நின்ன எடத்துல இருந்தே, ஒண்ணாங்கிளாஸுக்கு மேல, வாசிச்சேன். எப்பிடி வாசிப்பேன்? முப்பது வருசமா எப்பிடி வாசிக்கனோ அப்பிடித்தான். ஒரு சொல்லு சொல்லுவேன், நிறுத்துவேன். ஒரு சொல்லு, நிறுத்துவேன். "எமிமாள் டீச்சர்." நிறுத்தம். "நாலு." நிறுத்தம். "ஒண்ணு." நிறுத்தம். இப்பிடி பன்னெண்டு நம்பரு. அப்புறம் "பிறந்த தேதி. ஏழு. எட்டு. எம்பத்தொம்பது."

அன்னைக்குப் பாத்து சைட்டு தொங்கிட்டு. "ஏறிச்சா டீச்சர்?"னு கேப்பேன். "ஏறல சார்"ம்பாவ. திரும்ப முதல்ல இருந்து. நானும் எத்தன தடவ வாசிச்சேன்னு எனக்கே தெரியாது. பிள்ளைய என்னமோ சத்தமாச் சொல்லிக்கிட்டு இருந்துது. கரும்பலகையில உள்ளதப் படிக்குதுபோலன்னு நெனச்சி எனக்கு ஒரே சந்தோசம். எச்.எம். வந்து நின்னாலே படிப்பு வருதுன்னு பெருமையா மீசையத் தடவிக்கிட்டேன். அத நெனச்சா இப்பவும் இந்த மீசைய வழிச்சிப் போடணும்னு வருது.

வீட்டுல போயி பொண்ணு பாக்கதெல்லாம் பழசுங்கதும் என் யோசனதான். பிள்ள பாடம் எடுக்குத அழகப் பாக்கட்டும்னு சொர்ணபாய் அம்மாவையும் அவுக தங்கச்சியையும் பள்ளிக்கூடத்துக்கே வரச் சொன்னேன். லிவிங்ஸ்டனும் வந்தான், வாசல் வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டான். வாழக்கா பஜ்ஜி, டீ, எல்லாம் ஏற்பாடு. எமிமாள் ஒரு மயில்கழுத்துக் கலர் சேல கட்டியிருந்துச்சு. பிள்ளைய அத வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருந்துது.

சொர்ணபாய் அம்மாவுக்குப் புடிச்சிட்டு. முகத்துலயே தெரிஞ்சிது. பிள்ளையளப் பாத்து சிரிச்சிக்கிட்டே ஒரு கேள்வி கேட்டாவ, யாரும் கேக்குத கேள்விதான்: "ஒங்க டீச்சர் பேரு என்ன?"

"எமிமாள் டீச்சர்!"

அதோட நின்னிருக்கலாம்லா? நிக்கல. ஒரு மூச்சு விட்டுது பாத்துக்கிடுங்க, நான் நிறுத்துவேனே, அதே நிறுத்தம். அப்புறம், "நாலு! ஒண்ணு!" எனக்கு முதல்ல வெளங்கல. பரவாயில்ல, எண்ணு சொல்லுதுன்னு தலையாட்டினேன். பன்னெண்டு நம்பரும் சொல்லி முடிச்சிது. "பிறந்த தேதி! ஏழு! எட்டு! எம்பத்தொம்பது!" தலையாட்டினது பாதியில நின்னுட்டு. "ஏறிச்சா டீச்சர்? ஏறல சார்!" அதயும் விடல. திரும்ப முதல்ல இருந்து, "எமிமாள் டீச்சர்!"

"போதும்"னேன். "போதும்!"னுது. "ஏலே, சும்மா இருங்கல!"ன்னேன். "ஏலே, சும்மா இருங்கல!" நான் எதச் சொன்னாலும் திருப்பிச் சொல்லணும்னு நாந்தானே பழக்கி வச்சிருக்கேன்? கடைசியில வாயில வெரல வச்சிக் காட்டினேன். அதுவும் எல்லாம் சேந்து வாயில வெரல வச்சிக்கிட்டுது.

சொர்ணபாய் அம்மா மடியில கைய வச்சி வெரல மடக்கிக்கிட்டு இருந்தாவ. "இது என்ன பாட்டு அண்ணாச்சி?"ன்னாவ. நான், "அது... கணக்குப் பாடம்மா, புதுத் திட்டம்"னேன். வாய் தன்னால பேசுது தம்பி, எனக்குக் கட்டுப்படல.

எமிமாள் ஒரு எட்டு முன்னால வந்துச்சு. "கணக்கு இல்லம்மா. அது என் பிறந்த தேதி. எனக்கு முப்பத்தாறு நடக்கு. ஒங்ககிட்ட சார் சொல்லியிருப்பாவன்னு நெனச்சேன்"னுச்சு. கொரல் ஆடல.

அவுக எந்திச்சிட்டாவ. பஜ்ஜி அப்பிடியே இருந்துது. வேப்பமரத்தடியில லிவிங்ஸ்டன் என்ன ஏதுன்னு தெரியாம நிக்கான், அவன் கையப் புடிச்சி இழுத்துட்டுப் போயிட்டாவ. அவன் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனான்.

எமிமாள் என்னையத் திட்டும்னு நெனச்சேன். திட்டல. சாயங்காலம் பெல்லடிச்சி பிள்ளைய போன பிறகு என் மேசக்கிட்ட வந்து, "கார்டக் குடுங்க சார்"னு வாங்கிக்கிச்சு. அப்புறம் சொல்லிச்சு: "சொல்லுங்கன்னு கேட்டத மறைச்சிட்டிய. பத்திரம்னு குடுத்தத ஊருக்கே படிச்சிக் காட்டிட்டிய. நான் ஒங்கள நம்புனேன் சார்." அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. என் வீட்டம்மா, "ஒங்களுக்கு இது வேணும்"னுட்டு வெளக்க அணைச்சிட்டா.

எனக்கும் ஒரு ஆத்தாமை உண்டு தம்பி. நான் யாருக்காகச் செஞ்சேன்? பேப்பரக் கிழிச்சது யாருக்காக? கை மாறப்படாதுன்னது யாருக்காக? எல்லாம் அந்தப் பிள்ளைய நெனச்சித்தான. நல்லது நெனச்சவனுக்குக் கெடச்ச பேரப் பாத்தியளா? தெருவுல போனா ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைய நொண்டி வெளையாடுததுக்கும் அதத்தான் சொல்லுது. ஒரு கட்டம் ஏழு, ஒரு கட்டம் எட்டு, திரும்பி நின்னு எம்பத்தொம்பது.

அதான், இன்னைக்கு லீவு போட்டுட்டுக் கெளம்பிட்டேன். எமிமாளுக்குத் தெரியாது. சொர்ணபாய் அம்மா கால்ல விழுந்தாவது இதச் சரி பண்ணிருவேன். என்ன சொல்லப் போறேன்னு கேக்கியளா? நல்ல யோசன ஒண்ணு வச்சிருக்கேன். கார்டுல வருசம் தப்பா விழுந்துட்டு, திருத்தக் குடுத்திருக்கோம், வந்துரும்னு சொல்லிரலாம். எத்தன பேருக்கு அப்பிடித் தப்பா விழுந்திருக்கு! ஏன் தம்பி தலையில அடிக்கிய? கொசுவா?

இருங்க, போன் அடிக்கி. எமிமாள்தான்! ஸ்பீக்கர்ல போடுதேன், இல்லன்னா எனக்குக் கேக்காது. நீங்களும் கேளுங்க, ஒங்களுக்குத் தெரியாதது இனி இதுல என்ன இருக்கு.

அலோ! சொல்லும்மா! எங்க இருக்கனா? சும்மா இங்க... பஸ்ஸுல. தூத்துக்குடிக்கு. உனக்கு யாரு சொன்னா? என் வீட்டம்மாவா? அவளுக்கு வாய் நிக்காதே! ...என்னது? நீயே பேசிட்டியா? யாருகிட்ட? லிவிங்ஸ்டன்கிட்டயா? நேத்தே பேசிட்டியா! என்ன சொன்னான்? ...'நான் வயசப் பாத்தா ரெண்டாந்தடவ கொழம்பு ஊத்துனேன்?'னானா! ஏ, நல்ல பையன்மா! எடமேடையில வேல பாக்கவன்லா, எத எடை போடணும்னு தெரிஞ்சிருக்கு! அம்மா? அம்மா என்ன சொன்னாவ? ...சம்மதமா! அல்லேலூயா! ...ம். ...ம். கோவம் வயசுல இல்லையாமா? அப்புறம் எதுலயாம்? ...பொய் சொன்ன ஆளு இனி இதுல தலையிடப்படாதாமா? சரிதான், நியாயந்தான். அவுக சொல்லுததும்... யாரும்மா அந்த ஆளு?

...ஓ.

சரிம்மா. இல்லம்மா, வருத்தம் இல்ல. திரும்பி வந்திருதேன். இல்ல, அழல, தொண்ட கட்டியிருக்கு. நிச்சயத்துக்கு வரல. கல்யாணத்துக்கா? வாரேன். முன்வரிசையிலயா? வாரேன்மா, ஒக்காருதேன். பேசமாட்டேன். மைக்குக் குடுத்தாலும் வாங்க மாட்டேன். சத்தியமா. வைக்கட்டுமா?

வச்சிட்டுது.

வருத்தம்தான் தம்பி. யாருகிட்டயும் சொல்லாதிய. தாலி எடுத்துக் குடுக்கையில பெரியவன்னு நாம பக்கத்துல நிக்கணும்னு மனசுல ஒரு ஆச இருந்துது. போவட்டும். பிள்ளைக்குக் கல்யாணம் முடிஞ்சா சரி. நான் போயி நின்னு கெடுக்காம இருந்தா அதுவே பெரிய மொய்யி.

என்னக்கா? முன்சீட்டுல இருந்துக்கிட்டு நீங்க ஏன் கண்ணத் தொடைக்கிய? என்னது, 'ஏழு எட்டு எம்பத்தொம்பது பிள்ளைக்கு முடிஞ்சிட்டா'வா? ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? கண்டக்டர் தம்பி, நீங்களுமா? டிரைவர் ஏன் அங்க இருந்து கையக் காட்டுதாரு? இது என்ன அநியாயமா இருக்கு! ஒருத்தன் பக்கத்துச் சீட்டுத் தம்பிகிட்ட மெதுவா ரெண்டு வார்த்த பேச முடியல. அடுத்தவன் விசயத்துல காத நீட்டுதது தப்புன்னு இந்த ஊருக்கு யாரு பயிற்சி குடுக்கது?

விடுங்க தம்பி. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி திரும்புதேன். ஒங்க நம்பரக் குடுங்க, கல்யாணத்துக்குக் கூப்பிடுதேன். இவ்வளவு பொறுமையாக் கேட்டிய, வந்து ஒரு வாய் சாப்பிடணும். ஏன் தயங்குதிய? எங்கிட்ட குடுத்தா பத்திரமா இருக்கும். பேப்பர்ல எழுத மாட்டேன், மனசுலதான் வச்சிக்கிடுவேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, காது கேக்கல. நானும் கூடவே சொல்லிக்கிடுதேன், அப்பத்தான் மனசுல நிக்கும்.

ஒம்பது.

நாலு.

யாருய்யா அது பின்சீட்டுல, திருப்பிச் சொல்லுதது?